பறக்கும் ரயிலில் பத்துப்பாட்டு

முதல் நாள், வேளச்சேரி

தாம்பரத்தில் இறங்கியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. தஞ்சாவூரில் பனி வாசலிலேயே நிற்கும். சென்னையில் பைக்கில் ஏறினால்தான் மார்கழி என்றே தெரிகிறது. அண்ணன் மகன் அழைக்க வந்திருந்தான். வீட்டில் அவனுக்குப் பெயர் 'பெரியவன்'. ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு காதில் மட்டும் இயர்போன்.

"இந்த நேரத்துல என்னடா கேக்குற?"

"உங்களுக்குப் பிடிக்காது அத்தை."

அங்கே ஆரம்பித்தது வினை.

வருடா வருடம் டிசம்பரில் ஒரு வாரம் அண்ணன் வீட்டில் தங்கி, முழங்கால் என்ன சொன்னாலும் ஐந்தாறு கச்சேரியாவது கேட்டுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன். எட்டு வருடம் வீணை படித்தவள். இப்போது அது பூஜை அறை மூலையில் உறைக்குள் கிடக்கிறது; விஜயதசமிக்கு விஜயதசமி தூசி தட்டுவேன். ஆனால் காதை நான் உறைக்குள் போடவில்லை. அதற்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இருபத்தாறு வயதுப் பையன் சொல்வதா?

காபி ஆறுவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. அவன் கேட்கும் அந்த ஆல்பத்தை நான் ஐந்து முறை முழுதாகக் கேட்க வேண்டும். நடுவில் எதையும் தள்ளிவிடக் கூடாது. பதிலுக்கு அவன் என்னோடு ஒரு கச்சேரிக்கு வந்து, ராகம் தானம் பல்லவி முடிந்து மங்களம் பாடும்வரை போனைத் தொடாமல் உட்கார வேண்டும். அண்ணி சாட்சி.

ஆல்பத்தின் பெயர் 'கிட் ஏ'. ரேடியோஹெட் என்ற குழுவுடையது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பேர். 1997-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' வந்து உலகமெல்லாம் பேர் வாங்கிவிட்டார்கள். அடுத்ததும் அதேபோல் கிட்டார் முழங்க வரும் என்று எல்லோரும் காத்திருக்க, 2000 அக்டோபரில் இது வந்ததாம். மொத்தம் பத்துப் பாட்டு. பலவற்றில் கிட்டார் எங்கே என்று தேட வேண்டும். முன்னோட்டமாக ஒரு பாட்டைத் தனியே வெளியிடும் சிங்கிள் வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். ராக், ஜாஸ், எலெக்ட்ரானிக், இருபதாம் நூற்றாண்டு கிளாசிக்கல் என்று பெரியவன் விரல்விட்டு அடுக்கிக்கொண்டே போனான்.

"அப்ப இது எந்த வகைடா?"

"அதான் அத்தை விஷயமே."

கிராமிக்காரர்கள் 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பெட்டியில் போட்டு 2001-ல் பரிசு கொடுத்துவிட்டார்களாம். எதிலும் அடங்காததைப் போட்டு வைக்க எல்லா ஊரிலும் ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. எங்கள் கச்சேரியில் அதற்குத் துக்கடா என்று பெயர்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டேன். முதல் பாட்டு, மிக்ஸி ஓடுகிற வீட்டில் யாரோ அடுத்த அறையில் அழுவது மாதிரி. அதிலேயே குரலைத் துண்டு துண்டாக நறுக்கி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, மூக்கடைத்த குழந்தை ரேடியோவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். ஐந்தாவதில் குரலே இல்லை, தாளமும் இல்லை. விழித்தபோது மணி நாலரை.

தூங்கியது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டான்.

இரண்டாம் நாள், வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை

பாரிமுனையில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கும் வேலை இருந்தது. "பறக்கும் ரயில்ல போங்க அத்தை. கடைசி ஸ்டேஷன்வரைக்கும் போறீங்க. ஆல்பம் ஐம்பது நிமிஷம், ரயிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுவுல தூங்க முடியாது, பையைப் பாத்துக்கணும்." பையன் கெட்டிக்காரன்.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபத்தை விழுங்குகிற அளவு. மாடி மேல் மாடியாக கான்கிரீட், ஆள் வராத படிக்கட்டுகள், கடைகளுக்கென்று கட்டிக் காலியாகவே விட்ட தளங்கள், மூலையில் புறாக்கள். காலை பதினொரு மணிக்குப் பெருங்குடி நடைமேடையில் ஒரு பெண், ஒரு நாய், தூரத்தில் ஒரு காவலர். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே அவ்வளவு கொஞ்சம் பேர். முதல் பாட்டின் அந்த மின் பியானோ மாதிரியான ஒலி அங்கே கேட்டபோது, நேற்று வீட்டில் கேட்டதுதானா என்று சந்தேகம் வந்தது. மிக்ஸி போய்விட்டிருந்தது.

கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ஆதி தாளத்துக்கு வரவில்லை. இரண்டு எண்ணிக்கை மிச்சம் விழுந்தது. தரமணி தாண்டி மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். பத்து. திருவான்மியூர் வருவதற்குள் நான்கு முறை சரிபார்த்துவிட்டேன், பத்தேதான். எங்கள் மிஸ்ர ஜம்பைக்கும் பத்துதான் அட்சரம். லகு ஏழு, அநுதிருதம் ஒன்று, திருதம் இரண்டு. அந்த அங்கம் இந்தப் பாட்டில் உட்காரவில்லை, எண்ணிக்கை மட்டும் உட்கார்ந்தது. எதிர் சீட்டு அம்மா, விரலை மடக்கி எண்ணும் என்னைப் பார்த்து ஏதோ ஜபம் என்று நினைத்திருப்பார்.

பத்து என்று தெரிந்த பிறகு பாட்டின் மேல் ஒரு மரியாதை வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பிடித்தது என்று சொல்லவில்லை. மரியாதை.

மூன்றாவது பாட்டில் ஒரே பேஸ் கிட்டார் வரி திரும்பத் திரும்ப வந்து, மேலே ஒரு பட்டாளமே பித்தளை வாத்தியம் ஊதுகிறது. மயிலாப்பூர் வரும்வரை சகிக்க முடியவில்லை. ஐந்தாவதில் ரயில் சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிப் போனது. குரல் இல்லை, தாளம் இல்லை, வெறும் ஒலி நிற்கிறது. அதையும் குழுவில் ஒருவரின் கிட்டாரிலிருந்துதான் எடுத்து இழுத்து நீட்டியிருக்கிறார்களாம். கூவத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

ஏறிய பிறகு ரயில் இரண்டு இடத்தில் நின்று யோசித்ததால் ஆல்பம் முடிந்தும் கோட்டை நிலையம்வரைதான் வந்திருந்தோம். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, இந்தக் கோட்டையின் வெள்ளைக்கார பேண்டு வாசித்தவரிடம்தான் வயலின் கற்றார் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். அண்ணன் தீட்சிதரோ, கேட்ட வெள்ளைக்கார மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதிவிட்டார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அம்பாள் மேல் ஒரு பாட்டே இருக்கிறது. நோட்டுஸ்வரம் என்று எனக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அது என்ன வகை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பாத்திரக் கடையில் பேரம் படியவில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் வாங்கினேன்.

மூன்றாம் நாள், மயிலாப்பூர்

மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அதுதான் சொர்க்கம். சின்னப் பெண், இருபதுக்குள் இருக்கும், கரகரப்ரியாவை அவசரமில்லாமல் பாடினாள். மைக்காரர்தான் மிருதங்கத்தை வானத்துக்கும் தம்புராவைப் பாதாளத்துக்கும் அனுப்பிவிட்டார். எந்தச் சபா என்று சொல்லி வம்பு வேண்டாம். கேன்டீனில் கீரை வடை மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. இரண்டு சாப்பிட்டேன், அண்ணியிடம் ஒன்று என்று சொன்னேன்.

திருமயிலை நிலையத்துக்கு நடந்தே போயிருக்கலாம். முழங்கால் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்தேன். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்குத் தகரத் தட்டி அடைத்து, பாதைக்கு ஒரு முழம் மிச்சம் வைத்திருக்கிறார்கள். ஆட்டோ நின்றது. பின்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி, இரண்டுக்கும் நடுவில் நுழைந்த ஸ்கூட்டி. எல்லோரும் ஹாரன்.

நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று ஆல்பத்தைப் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. பித்தளை வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நுழைந்து ஒன்றை ஒன்று முட்டித் தள்ள, வெளியே லாரி ஒரு ஸ்வரம் ஊத, பேருந்து அதற்குக் கீழே இன்னொன்று ஊத, எது காதுக்குள், எது காதுக்கு வெளியே என்று புரியாமல் ஒரு இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்னக்கா, ஜோக்கா? எங்களுக்கும் சொல்லு" என்றார்.

இரவு பெரியவனிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து எழுந்தே விட்டான். "அத்தை, அவங்க அதைத்தான் கேட்டாங்க! டிராஃபிக் ஜாம் மாதிரி ஊதுங்கன்னு சொல்லியிருக்காங்க." பாடகர் டாம் யார்க்கும் கிட்டார் வாசிக்கும் ஜானி கிரீன்வுட்டும் எட்டுப் பேர் பித்தளைக் குழுவை நிறுத்தி அப்படித்தான் வாசிக்கச் சொன்னார்களாம். யார்க் குதித்துக் குதித்து நடத்தியதில் அவருக்குக் கால் எலும்பே முறிந்துவிட்டதாம். அந்த பேஸ் வரி அவர் பதினாறு வயதில் போட்டது என்றும் சொன்னான். லஸ் முனைக்கு ஒரு நாள் கூட்டி வந்திருந்தால் காலாவது பிழைத்திருக்கும்.

மறுபாதியைத் திரும்பும் ரயிலில் கேட்டிருந்தேன். எட்டாவது பாட்டு ஓடியபோது ஜன்னலுக்கு வெளியே தரமணியின் கண்ணாடிக் கட்டடங்கள், மாடி மாடியாக விளக்கு. அடியில் நாலே நாலு கார்டு, ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்து, சுற்றிச் சுற்றி வருகிறது, மேலே இயந்திரத் தாளம் அடிக்கிறது. அந்த நாலும் பால் லான்ஸ்கி என்பவர் 1973-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் செய்த ஓர் இசையிலிருந்து எடுத்தவை. அறை அளவு கம்ப்யூட்டர் இருந்த காலம். ஒரு பழைய எல்.பி. தட்டில் கிரீன்வுட் அதைக் கண்டெடுத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பெண், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நின்றுகொண்டே தூங்கினாள்.

நான்காம் நாள், தி.நகர்

புடவைக்கு ஃபால்ஸ் துணி வாங்க ரங்கநாதன் தெரு. டிசம்பரில் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டணமில்லாப் பேருந்து என்ற ஆசையில், முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த வண்டியாகப் பார்த்து ஏறிப் போனேன்.

அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, தெருவே நம்மை நடத்திக்கொண்டு போகிறது. இயர்போன் வயர் யாருடைய பையிலோ மாட்டி இழுத்து, ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மாட்டியவர் திரும்பிப் பார்த்து, "சாரிம்மா" என்று சொல்வதற்குள் பத்தடி தள்ளிப் போய்விட்டார். "வாம்மா வாம்மா" என்று கைதட்டல், பிளாஸ்டிக் டப்பா விலை கூவும் ஒலிபெருக்கி, அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள். ஒரு நகைக்கடையின் படியில் ஒதுங்கி நின்று வயரைச் சரிசெய்தேன். நாலாவது பாட்டு.

அது வேறு மாதிரி. ஒரு கிட்டார் மெல்ல மீட்டுகிறது. குரல் முழுசாக வருகிறது, நறுக்காமல். பின்னால் ஒரு நாதம், வயலினும் இல்லை, பெண் குரலும் இல்லை, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையில் எங்கேயும் ஒட்டு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று நாளாக இது எங்கே ஒளிந்திருந்தது? எனக்கு அது ஜாரு. வீணையில் கம்பியை அழுத்தியபடி கீழ் மெட்டிலிருந்து மேல் மெட்டுக்கு விரலைச் சறுக்குவோமே, அது. எட்டு வருடம் இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் காய்ப்பு வைத்திருந்தவளுக்கு அந்தச் சறுக்கலை விரலிலேயே கேட்கும். கேட்டது. அந்தப் படியில் நின்றபடி இரண்டு முறை போட்டேன். கடைக் காவலர், "உள்ள வாங்கம்மா, ஏசி இருக்கு" என்றார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1997 ஆல்பத்துக்குப் பிறகு ஊர் ஊராகக் கச்சேரி செய்து, எங்கு போனாலும் கூட்டம் மொய்த்து, யார்க் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருக்கிறார். ஆர்.இ.எம். என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப், "கண்ணை மூடிக்கொண்டு, நான் இங்கே இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்" என்ற மாதிரி யோசனை சொன்னாராம். அதிலிருந்து பிறந்த பாட்டு. ரங்கநாதன் தெருவில் அதைக் கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, தானாக அமைந்தது.

இரவு பெரியவன் அந்த வாத்தியத்தின் வீடியோவைக் காட்டினான். ஓந்த் மார்த்தனோ. மோரிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்து 1928-ல் முதன்முதலாக மேடையேற்றியது. பார்வைக்கு ஆர்மோனியக் கட்டைகள். ஆனால் அதன் முன்னால் ஒரு கம்பி நீளவாக்கில் ஓடுகிறது. கம்பியில் ஒரு மோதிரம். வலது ஆள்காட்டி விரலை மோதிரத்துக்குள் விட்டு இப்படியும் அப்படியும் நகர்த்தினால் ஸ்வரம் அதன்கூடவே நகர்கிறது. இடது கையில் ஒரு பொத்தான். அழுத்துகிற அளவுக்குத்தான் ஒலி. விரலைக் கொஞ்சம் ஆட்டினால் ஒலியும் நடுங்குகிறது.

"திருப்பிப் போடு" என்றேன். திருப்பிப் போட்டான். மூன்றாம் முறை நானே போனை வாங்கிக்கொண்டேன்.

1928 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நம் மியூசிக் அகாடமி தொடங்கியதும் அதே வருடம். ஆர்மோனியத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது என்று நம் பெரியவர்கள் சண்டை போட்டு, வானொலியிலிருந்தே அதை விலக்கி வைத்த காலமும் உண்டு. கட்டையும் வேண்டும், கமகமும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று பாரிஸில் ஒருவர் மோதிரம் மாட்டியிருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே கிரீன்வுட்டுக்கு இந்த வாத்தியத்தின் மேல் பித்தாம். அதே பாட்டுக்கு வயலின் கூட்டத்தை டார்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"இரண்டாவது பாட்டுலயும் இதே வாத்தியம்தான் அத்தை. அவர் பேச்சா சொன்ன வரியை இது வாசிச்ச ஸ்வரத்துல ஏத்தியிருக்காங்க."

அதையும் போட்டுக் கேட்டேன். மூக்கடைத்த குழந்தைதான். வாத்தியம் நல்லதாக இருந்து என்ன.

ஐந்தாம் நாள், கச்சேரி

என் கணக்கில் நாலு முறைதான் ஆகியிருந்தது. ஒன்று கடன் என்று எழுதிக்கொண்டு அவன் வந்தான். ஜிப்பா போட்டிருந்தான், அண்ணியின் வேலை.

மாலைக் கச்சேரி. வர்ணம் முடிந்து இரண்டு கிருதி போனது. தலையை நிமிர்த்தியே வைத்திருந்தான், பாவம். தோடி ஆலாபனை ஆரம்பித்தது. பாடுபவர் காந்தாரத்தில் நின்று அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறார். நான் சொக்கிப் போயிருக்கிறேன். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். என் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டான்:

"அத்தை, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். முன் வரிசை மாமா ஒருவர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

தனி ஆவர்த்தனத்தில்தான் அவன் முகம் மாறியது. கடமும் மிருதங்கமும் எதிரெதிரே பொரிந்தபோது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தொடையில் தட்டி விரல் எண்ணுவதைக் கவனித்துவிட்டு, என் கையைப் பார்த்துப் பார்த்துத் தானும் போட முயன்றான். இரண்டு ஆவர்த்தனம் சரியாக வந்தது, மூன்றாவதில் சமம் தவறி அசடு வழிந்தான்.

திரும்பும் வழியில் நந்தனம் சிக்னலில் வண்டி நின்றபோது சொன்னேன். "உன் ஒன்பதாவது பாட்டு இருக்குல்ல, அந்த டிரம் என்ன கணக்குன்னு தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"தகதகிட, தகதகிட. கண்ட நடை. அஞ்சு."

ஆறு வருடமாகக் கேட்கிறானாம். அந்த இடத்திலேயே போட்டு, ஹேண்டில்பாரில் ஐந்து ஐந்தாகத் தட்டிப் பார்த்தான். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தும் இன்னொரு சுற்று தட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

ஆறாம் நாள், இரவு ரயில்

தூக்குவாளி, ஃபால்ஸ் துணி, அண்ணி கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய். தாம்பரத்தில் ஏற்றிவிட்டு, "கடன் பாக்கி அத்தை" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனான்.

செங்கல்பட்டு தாண்டி விளக்கை அணைத்ததும் ஐந்தாவது முறை. இருட்டில் மேல் படுக்கையில் கேட்கிறபோது, குரலே இல்லாத அந்த ஐந்தாவது பாட்டு எனக்குத் தம்புரா. முதல் நாள் தூங்கிப் போனது பிழையே இல்லை. எல்லாம் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஏழாவது எந்த நாளும் என் மனசில் ஒட்டவில்லை, இப்போது யோசித்தாலும் மெட்டு வரவில்லை.

கடைசிப் பாட்டில் கால்மிதி ஆர்மோனியம். எங்கள் ஊர் வள்ளி திருமணம் நாடகத்தில் மேடையோரம் உட்கார்ந்து வாசிப்பாரே, அந்தப் பெட்டியின் மூச்சு அப்படியே இருக்கிறது. குரல் மேலே போய் நின்று, முடிந்தது. கழற்றக் கை போனது. ஆனால் கை சால்வைக்குள் இருந்தது, குளிர், எடுக்கச் சோம்பலாக இருந்தது. சும்மா கிடந்தேன். தண்டவாளச் சத்தம் மட்டும். ஒரு நிமிடம் இருக்கும். திடீரென்று எங்கிருந்தோ ஒரு ஒலி பூத்து, விரிந்து, அடங்கியது.

திடுக்கிட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினேன். "டேய், எல்லாம் முடிஞ்சப்புறம் ஏதோ வருதே?"

தூங்கவில்லை போலிருக்கிறது, உடனே பதில். "இத்தனை தடவை கேட்டீங்க, இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் கழட்டி வச்சுட்டேன்டா."

சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பினான். அப்புறம், "தோடின்னா எதைக் கேக்கணும்?" என்று ஒரு வரி. மூன்று பெயர் எழுதி அனுப்பினேன், ஒன்று நாகஸ்வரம்.

தூக்கம் கலைந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். இரண்டாவது பாட்டு வந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தள்ளிவிட்டுப் போகலாம்தான். கட்டைவிரலை அங்கேயே வைத்துக்கொண்டு யோசிப்பதற்குள் வண்டி விழுப்புரத்தில் நின்று, ஜன்னலோரம் "டீ, டீ" என்று குரல் வந்தது. இறங்கிப் போய் ஒன்று வாங்கினேன். சர்க்கரை கூடுதல்.